நம்மூர் வெயிலுக்கு ஒரு கணக்கு இருக்கு

கேள்வி: சொந்த ஊர் பல்லடம். திருப்பூர்ல பனியன் கம்பெனி வேலை. ஆறு மாசம் முன்னாடி பழைய டிஎஸ்எல்ஆர் ஒண்ணு, 18-55 லென்ஸோட வாங்கினேன். ஞாயிறானா ஆழியாறு, வால்பாறை, கொடிவேரின்னு கிளம்பிடுவேன். யூடியூப்ல சொல்ற செட்டிங்கைத்தான் வைக்கிறேன். ஆனாலும் வானம் வெள்ளையா, முகம் கருப்பா, படமெல்லாம் சப்புன்னு இருக்கு. 150-600 லென்ஸ் வாங்கினா சரியாகுமா? அடுத்து எந்த ஊருக்குப் போகலாம்?

பதில்:

தம்பி, லென்ஸ் இப்போதைக்கு வேண்டாம். புது ஊரும் வேண்டாம். நீங்க அனுப்பின ஆழியாறு படத்தையே எடுத்துக்குவோம். அதோட விவரத்தைத் திறந்து பார்த்தேன்: காலை 11.42 மணி, ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்குக் கேமரா காட்டற உணர்வு) 400, அப்பர்ச்சர் (லென்ஸோட துவாரம், எண் குறைஞ்சா துவாரம் பெருசு) எஃப்/5.6, ஷட்டர் (திறந்திருக்கிற நேரம்) 1/1000 செகண்டு. அணைக்குப் பின்னாடி வானம் சுத்தமா வெளுத்துப்போச்சு. முன்னாடி நிக்கிற உங்க சிநேகிதருக்குக் கண் இருக்கிற இடத்துல ரெண்டு கருங்குழி.

பிலிம் ரோல் டப்பாவிலேயே ஒரு கணக்கு அச்சடிச்சிருப்பாங்க. பளீர்னு வெயில் அடிச்சா அப்பர்ச்சர் எஃப்/16, ஷட்டர் ஐஎஸ்ஓ எண்ணுக்குக் கீழ் ஒண்ணு. அதாவது ஐஎஸ்ஓ 400-க்கு 1/400. நீங்க வச்சது எஃப்/5.6. பதினாறுல இருந்து பதினொண்ணு, எட்டு, ஐந்தரைன்னு மூணு படி திறந்திருக்கீங்க. ஒவ்வொரு படிக்கும் வெளிச்சம் ரெண்டு மடங்கு, மூணு படிக்கு எட்டு மடங்கு. அப்போ ஷட்டர் 1/3200-ல் இருந்திருக்கணும். 1/1000-ல் எடுத்ததால ஒன்றரைப் படிக்கு மேல வெளிச்சம் ஓவர். வானம் வெளுத்ததுக்கு லென்ஸ் என்ன பண்ணும், பாவம்? அந்த வீடியோக்காரர் மப்பு போட்ட ஊர்ல நின்னு சொன்ன எண்ணை நீங்க சித்திரை வெயில்ல வச்சிருக்கீங்க.

இதைத்தான் முக்கியமா சொல்ல வந்தேன். நமக்குக் கிடைக்கிற பாடமெல்லாம் வேற ஊர்ச் சூரியனுக்கு எழுதினது. லண்டன்ல டிசம்பர் கடைசியில நடு மத்தியானத்துலயே சூரியன் 15 டிகிரி உயரம்தான் ஏறும். நாள் முழுக்கச் சாய்வெயில்தான், எப்ப எடுத்தாலும் அழகு. கோயமுத்தூர் இருக்கிறது 11 டிகிரி அட்சரேகையில. அதே டிசம்பர்ல நமக்கு மத்தியானச் சூரியன் 55 டிகிரிக்கு மேல நிக்கும். சித்திரை முதல் வாரத்திலும் ஆவணி முதல் வாரத்திலும் உச்சந்தலைக்கு நேர் மேலே வந்திடும், நம்ம நிழல் நம்ம காலடிக்குள்ளயே ஒளிஞ்சுக்கும். புருவத்து நிழல் கண்ணுக்குள்ள, மூக்கு நிழல் உதட்டு மேல. அந்த நேரத்துல கண்குழி கருப்பா விழாம என்ன பண்ணும்?

இன்னொண்ணு. நம்மூர்ல பொழுது கிட்டத்தட்ட நெட்டுக்குத்தா ஏறுது. பொன்வெயில்னு எல்லாரும் சொல்ற நேரம், ஒரு மணி நேரம்னு பேர் வச்சிருந்தாலும், நமக்கு 25 நிமிஷம் கிடைச்சாலே பெருசு. அதுக்கு மேல இருக்கிறது நல்ல வெயில், அவ்வளவுதான், பொன் இல்லை. வண்டியை நிறுத்திட்டு, டீ குடிச்சுட்டு, ட்ரைபாடு விரிக்கிறதுக்குள்ள போயிடும். விடியறதுக்கு அரை மணி நேரம் முன்னாடியே இடத்துல நின்னாகணும். ஆழியாறு மாதிரி மலையடிவாரத்துல இன்னொரு சங்கடமும் உண்டு: சாயங்காலம் பொழுது அடிவானம் போறதுக்கு முன்னாடியே மலைக்குப் பின்னால போயிடும். அங்கெல்லாம் காலைதான். கிழக்குச் சமவெளியில இருந்து வர்ற வெயில் நேரா ஆனைமலை மேல விழும். மலையோட மடிப்பெல்லாம் அப்பத்தான் தெரியும்.

நான் கத்துக்கிட்ட கதையைச் சொன்னா உங்களுக்கு உபயோகப்படும். 1998-ல கோபியில ஒரு ஸ்டுடியோவுல கல்யாணத்துக்கு லைட் புடிக்கிற பையனாச் சேர்ந்தேன். முதலாளியோட பழைய பென்டாக்ஸ் கே1000 ஒண்ணு ஞாயிற்றுக்கிழமை மட்டும் என் கைக்கு வரும். ஒரு ரோலுக்கு 36 படம். கழுவி பிரிண்ட் போட வாரச் சம்பளத்துல பாதி போயிடும். அதனால ஒவ்வொரு படத்துக்கும் சட்டைப்பை நோட்டுல நேரம், அப்பர்ச்சர், ஷட்டர் எழுதுவேன். இப்ப அதையெல்லாம் கேமராவே எழுதி வைக்குது. நீங்க திறந்து படிக்கிறதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த நோட்டுல இருந்து வந்த பழக்கம் ஒண்ணு இன்னைக்கும் இருக்கு: ஒரு நாள் போனா ஒரே ஒரு கேள்வியோட போறது. "இன்னைக்கு நல்ல படம் எடுக்கணும்"கிறது கேள்வி இல்லை. "வெள்ளை மாட்டை வெள்ளையா எடுக்கிறது எப்படி?" அது கேள்வி.

அந்த மாட்டுக் கதையையே சொல்றேன். டிஜிட்டல் கைக்கு வந்த புதுசு. சித்திரையில ஓலப்பாளையம் பக்கம் கண்ணபுரம் மாரியம்மன் தேர் சமயத்துல கூடற மாட்டுச் சந்தைக்குப் போனேன். காங்கேயம் மாடு பார்க்கணும்னா அதைவிட இடம் கிடையாது. மயிலை, காரி, செவலை, பிள்ளைன்னு நிறத்துக்கு ஒரு பேர். ஒரு பெரியவர் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில, பக்கத்துல பால் மாதிரி ஒரு ஜோடி மயிலை எருது. கேமராவை ஆட்டோ மோடுல வச்சு எடுத்துட்டு, பெருமையா ஸ்கிரீனை அவர்கிட்டக் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"ஏனுங் தம்பி, என்ற மாடு நல்ல வெள்ளைங்க. இதென்ன சாம்பல்ல பெரட்டி எடுத்தாப்ல இருக்குது?"

மூஞ்சியில அடிச்ச மாதிரி இருந்தது. ஆனா அவர் சொன்னதுதான் நெசம். கேமராவுக்கு எது மாடு, எது வேட்டின்னு தெரியாது. முன்னாடி இருக்கிறதெல்லாம் சராசரியா நடுச்சாம்பல், வர்ற வெளிச்சத்துல 18 சதவீதம் திருப்பி அனுப்பற சாம்பல்னு நெனச்சுக்கிட்டுத்தான் அது கணக்குப் போடுது. வெள்ளை நிறைய இருந்தா "ஐயோ வெளிச்சம் ஜாஸ்தி"ன்னு குறைச்சிடும். அடுத்தாப்ல கட்டியிருந்த காரியை எடுத்தேன். அதுவும் சாம்பல்தான்! கருப்பைப் பார்த்துட்டு "வெளிச்சம் பத்தல"ன்னு கூட்டிடுச்சு. பிலிம் காலத்துல லேப்காரர் பிரிண்ட் போடும்போதே சரிபண்ணிக் கொடுத்திடுவார். எட்டு வருஷமா இந்தத் தப்பைப் பண்ணிக்கிட்டே இருந்திருக்கேன், அன்னைக்கு வரைக்கும் தெரியாது.

பிளஸ்-மைனஸ்னு ஒரு பட்டன் உங்க கேமராவுல இருக்கும். வெள்ளை மாட்டுக்குப் பிளஸ் ஒண்ணு, காரிக்கு மைனஸ் ஒண்ணு. திரும்ப எடுத்துக் காட்டினேன். "ஆங், இப்ப என்ற மாடு"ன்னார். சந்தைக்காரங்க கண்ணு கேமராவோட வெளிச்ச மீட்டரை விடக் கறாரானது, தம்பி. (மேனுவல்ல எடுக்கிறவங்களுக்கு அந்தப் பட்டன் வேலை செய்யாது, ஷட்டரையே மாத்திக்கணும். மொதல் மூணு மாசம் அப்பர்ச்சர் மோடுல இருங்க, துவாரத்தை நீங்க வச்சா ஷட்டரைக் கேமராவே வச்சுக்கும், மேனுவல்ல எடுத்தாத்தான் ஆம்பளைன்னு எவனாச்சும் சொன்னா காதுல வாங்காதீங்க.)

அதே சந்தையில தரகருங்க துண்டுக்கு அடியில விரலைப் புடிச்சு விலை பேசறதை எடுக்க ஆசைப்படுவீங்க. எல்லாரும் ஆசைப்படறதுதான். பேரம் நடக்கும்போது லென்ஸை நீட்டாதீங்க. அது அவங்க பொழப்பு. பேரம் முடிஞ்சு பணம் எண்ணினதுக்கு அப்புறம் போய்க் கேட்டா அவங்களே துண்டைப் போட்டுக் காட்டுவாங்க. அந்தப் படத்துல உயிர் குறைச்சலாத்தான் இருக்கும், பரவாயில்லை.

அப்ப மத்தியானத்துல என்னதான் எடுக்கிறது? நிழலுக்குப் போங்க. நம்ம தொட்டிக்கட்டு வீட்டைக் கட்டினவங்க போட்டோக்காரனை நெனச்சுக் கட்டலை, ஆனாலும் அதைவிட நல்ல ஸ்டுடியோ கிடையாது. நடுவுல தொட்டிங்கிற திறந்த முற்றம், சுத்தி ஓட்டுத் தாழ்வாரம், உள்ள ஆசாரம்ங்கிற கூடம். வெயில் தொட்டித் தரையில விழுந்து, தெறிச்சு, மெத்துன்னு ஆசாரத்துக்குள்ள வரும். என் அம்மிச்சியை, அதான் அம்மாவோட அம்மாவை, தாழ்வாரத்து ஓரத்துல உட்கார வச்சு ஒரு படம். ஒரு அடி உள்ளே தள்ளி இன்னொண்ணு. இப்படி ஆறு இடம். "இன்னும் எத்தன வாட்டி சாமி நகுந்து உக்கார்றது? முட்டி நோவுது"ன்னாங்க. ஓரத்துல முகம் வெளுப்பு, கடைசியில சுருக்கம் எல்லாம் இருட்டுல போயிடுச்சு. மூணாவது இடத்துல கண்ணுக்குள்ள ஒரு சின்ன வெள்ளைக் கட்டம் விழுந்தது, தொட்டி மேல இருக்கிற வானம் அது. கண்ணுல அந்தப் புள்ளி இருந்தாத்தான் முகத்துக்கு உயிர். வீட்டுல தொட்டி இல்லைன்னா வாசப்படி போதும். முகம் வெளிய பார்க்கணும், உடம்பு நிழலுக்குள்ள இருக்கணும். வாசல்ல சிமெண்ட் தரை போட்டிருந்தா கீழ இருந்தும் வெளிச்சம் தெறிக்கும், கண்குழி தானா நெறைஞ்சிடும்.

ஓட்டத்தை எடுக்கப் பழகணும்னா ரேக்ளா மாட்டுவண்டிப் பந்தயத்துக்குப் போங்க. பொள்ளாச்சி, உடுமலை பக்கம் 200 மீட்டர், 300 மீட்டர்னு ஓட்டுவாங்க. 1/2000-ல எடுத்தா மாடு, வண்டி, புழுதி எல்லாம் கல்லாட்டம் நிக்கும். கூர்மையா இருக்கும், ஓடற மாதிரியே இருக்காது. ஷட்டரை 1/60-க்கு இறக்கி, வண்டி வர்ற திக்குலேயே இடுப்பைத் திருப்பிக்கிட்டு, திருப்பற வேகத்தை நிறுத்தாம அமுக்கணும். மாட்டுத் தலை தெளிவா, பின்னாடி கூட்டம் கலர் கலரா இழுபட்டு வரும். தைரியம் வந்தா 1/30. நான் மொதல் நாள் 140 படம் எடுத்தேன், தேறினது நாலு. அமுக்கின உடனே கை நின்னுபோறதுதான் எல்லாரும் பண்ற தப்பு. வீட்டு வாசல்ல நின்னு ரோட்டுல போற டிவிஎஸ் 50-ஐ வச்சு ஒரு வாரம் பழகிட்டுப் போங்க. கயிற்றுக்கு அந்தப்பக்கம் தயவுசெஞ்சு போகாதீங்க. மிரண்ட காளை நீங்க போட்டோக்காரர்னு பார்க்காது.

ராத்திரி வெளிச்சத்துக்குப் பாட்டுப் பாடி ஆடற வள்ளிக்கும்மி. இப்ப கொங்குல எந்த ஊர்த் திருவிழாவுக்குப் போனாலும் அரங்கேற்றம் நடக்குது. இதைப் பல வருஷமாச் சொல்லிக்கொடுத்த பத்ரப்பன் ஐயாவுக்கு 2024-ல பத்மஸ்ரீ கொடுத்தாங்க. நூத்துக்கணக்குல பொண்ணுங்க ஒரே நிறச் சேலையில வட்டம் கட்டி ஆடும்போது கை சும்மா இருக்காது. நான் 1/320-ல வச்சு எடுத்துத் தள்ளினேன். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர்ல போட்டா படத்துக்குக் குறுக்கே கருப்புப் பட்டை. ஒரு படத்துல மேல, இன்னொண்ணுல நடுவுல. கேமரா கெட்டுப்போச்சுன்னு ராத்திரி தூக்கமில்லை. கெட்டுப்போகலை. நம்ம கரண்டு 50 ஹெர்ட்ஸ். சாதா எல்இடி, டியூப்லைட் எல்லாம் செகண்டுக்கு 100 தடவை மங்கி எரியுது. கண்ணுக்குத் தெரியாது, 1/320 ஷட்டருக்குத் தெரியும். ஷட்டரை 1/100 இல்லைன்னா 1/50-ல வச்சா ஒரு மினுக்கல் முழுசா உள்ள வந்திடும், பட்டை போயிடும். சத்தமில்லாத ஷட்டர்னு ஒரு வசதி சில கேமராவுல இருக்கு, அதைப் போட்டா இந்தத் தொல்லை இன்னும் ஜாஸ்தி.

1/100-ல ஆடற கை கலங்காதான்னு கேப்பீங்க. கலங்கும். ஆனா கும்மியில கை ரெண்டும் சேர்ந்து தட்டற அந்த நொடியில ஆட்டம் நின்னு திரும்புது. பாட்டைக் காதுல வாங்கி, தட்டுக்குத் தட்டு அமுக்குங்க. மொதல் பத்து நிமிஷம் கேமராவைத் தொடாம அடவு மட்டும் பாருங்க. எங்க திரும்பறாங்கன்னு உடம்புக்குத் தெரிஞ்சிடும்.

ஒரு கூத்தையும் சொல்லிடறேன். கவுந்தப்பாடிப் பக்கம் நாட்டுச் சர்க்கரை காய்ச்சற ஆலைக்கு விடியக்காலம் போயிருந்தேன். கொப்பரையில பாகு கொதிக்குது, சக்கை எரியற தீ கீழ, மேல ஆவி. ஆவிக்குப் பின்னாடி இருந்து வெயில் வர்ற மாதிரி நின்னா ஒவ்வொரு சுருளும் தெரியும். வெயிலுக்கு முதுகு காட்டி நின்னா வெறும் மூட்டம். அதைக் கண்டுபிடிச்ச சந்தோஷத்துல கிட்டப் போனேன். துடுப்பு போட்டதுல ஒரு சொட்டு பாகு பறந்து வந்து லென்ஸ் கண்ணாடி நடுவுல உட்கார்ந்துக்கிச்சு. பதறிப்போய் வேட்டி முனையில தேய்ச்சேன். பாகோட சாம்பல்தூளும் சேர்ந்து கண்ணாடியில கீறல். ஆலைக்கார அம்மா பார்த்துட்டு, "சக்கரை தானுங்க சாமி, தண்ணிக்குக் கரையாதா? எதுக்குங்க அந்தத் தேய் தேய்க்கறீங்க?"ன்னு கேட்டாங்க. அந்தக் கீறல் இன்னும் இருக்கு, சூரியனைப் பார்த்து எடுத்தா மட்டும் தெரியும். லென்ஸ் மேல எது பட்டாலும் மொதல்ல ரப்பர் பம்ப்ல ஊதணும், அப்புறம் ஈரம், கடைசியாத்தான் துணி. நீங்க பனியன் கம்பெனியில இருக்கீங்க, பஞ்சு பறக்கிற இடத்துல லென்ஸைக் கழட்டவே கழட்டாதீங்க. சென்சார்ல தூசி உட்கார்ந்தா எஃப்/16-ல எடுக்கிற வானத்துல புள்ளி புள்ளியா நிக்கும்.

உங்க ஊர்க்காரங்களுக்கு ஒரு யோகம் இருக்கு, அதை விட்டுட்டு வால்பாறைக்கு ஓடறீங்க. ஆனி, ஆடியில பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற காத்து. கேத்தனூர், பூளவாடி பக்கம் போனா கரண்டு எடுக்கிற காத்தாடி வரிசை வரிசையா நிக்கும். மேகம் மழையைக் கேரளத்துல கொட்டிட்டு வெறுங்கையோட நம்ம தலைக்கு மேல ஓடும். கீழ கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்துல வெயில் ஒரு திட்டு, நிழல் ஒரு திட்டுன்னு நகர்ந்துகிட்டே இருக்கும். கேமராவை வெயிலுக்கு அளந்து பூட்டி வச்சுட்டு, அந்த வெயில் திட்டு ஒரு பனைமரத்து மேலயோ கிளுவை வேலி மேலயோ வந்து உட்கார்ற வரைக்கும் காத்திருங்க. பின்னாடி நிழல்ல கருத்த மேகம், முன்னாடி ஒத்தைப் பனை மட்டும் பளிச்சுன்னு. மத்தியானம் பன்னெண்டு மணிக்குக்கூட இது கிடைக்கும். காத்துக்கு ட்ரைபாடு ஆடும், பையை அதோட நடுக்கம்பியில தொங்கவிடுங்க.

நீங்க கேட்ட பெரிய லென்ஸ் முக்கியமா பறவை எடுக்கத்தான். 150-600 கிட்டத்தட்ட 2 கிலோ கனம், விலையும் உங்க கேமராவைப் போல பல மடங்கு. மொதல்ல நஞ்சராயன் குளத்துக்குப் போங்க, திருப்பூர்லயே இருக்கு. 2024-ல உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட ராம்சர் பட்டியல்லயும் சேர்த்துட்டாங்க. கரையில இருந்து 55 எம்எம்-ல எடுத்தா நாமக்கோழி கடுகளவுதான் தெரியும். சரி, கடுகாவே எடுங்க. விடியல்ல சூரியனுக்கு எதிரா நெடுங்கால் உள்ளான் நிக்கிற நிழலுருவம், தண்ணியில அதோட காலு நீளும். அதுக்கு 55 போதும். அஞ்சாறு தடவை போயும் பறவை ஆசை அடங்கலைன்னா பழைய 55-250 ஒண்ணு பாருங்க. இப்போதைக்குக் காசு செலவு பண்ணியே ஆகணும்னா 35 எம்எம் எஃப்/1.8. சென்னிமலைத் தறிக்கூடத்துக்குள்ள, ஓட்டுக்கூரையில பதிச்ச கண்ணாடி வழியா மட்டும் வெளிச்சம் வர்ற இடத்துலயும், உங்க 18-55 லென்ஸ் கையை விரிக்கிற நேரத்துலயும் இது வேலை செய்யும். பழசு வாங்கினா செல்போன் டார்ச்சைப் பின்பக்கமா அடிச்சு, உள்ள சிலந்திவலை மாதிரி பூஞ்சை இருக்கான்னு பார்த்து வாங்குங்க. ராவ் (RAW) கோப்பா எடுங்க, சென்சார் பதிஞ்சதை அது அப்படியே வச்சுக்கும். கோர்ஸ் எதுலயும் இப்ப சேராதீங்க.

வர்ற ஞாயிறு திரும்ப ஆழியாறே போங்க. அதே இடம், அதே சிநேகிதர். விடியக்காலம் அஞ்சரைக்கு அங்க இருங்க. விடிஞ்சதுல இருந்து அரை மணி நேரத்துக்கு ஒரு படம், பதினொண்ணு நாப்பது வரைக்கும். கேமரா அப்பர்ச்சர் மோடுல எஃப்/8, ஐஎஸ்ஓ 100. வெயில் ஏறினதும் அவரை மரத்தடிக்கு நகர்த்தி, திறந்த பக்கம் பார்க்க நிக்க வச்சு இன்னொண்ணும் எடுங்க. பதிமூணு, பதினாலு படம் வரும். ஒண்ணையும் அழிக்காம எனக்கு அனுப்புங்க, எந்த மணிக்கு அவர் கண்ணு காணாமப் போகுதுன்னு ரெண்டு பேரும் பார்ப்போம்.